பல் தேய்த்ததும் ஆரஞ்சு ஏன் கசக்கிறது? – ஒரு நுரையின் வரலாறு

காலையில் பேஸ்ட் போட்டுப் பல் தேய்த்துவிட்டு, வாய் கொப்பளித்த கையோடு ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு தடவை குடித்துப் பாருங்கள். நேற்று தேனாக இருந்த அதே ஜூஸ் இன்று முகம் சுளிக்க வைக்கும். இனிப்பு காணாமல் போயிருக்கும். புளிப்பு தூக்கலாக நிற்கும். போதாக்குறைக்கு, பழத்தில் இல்லாத ஒரு கசப்பும் வந்து சேர்ந்திருக்கும். அரை மணி நேரம் கழித்துக் குடித்தால் மறுபடி பழைய ஜூஸ்தான்.

நம் ஊரில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. காரணம் எளிது. நாம் பல் தேய்த்ததும் காபியோ டீயோ குடிக்கிற ஆட்கள். அவற்றில் ஆரஞ்சு அளவுக்கு அமிலம் கிடையாது. ஆனால் காலை உணவோடு ஆரஞ்சு ஜூஸ் குடிக்கும் அமெரிக்கர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த அனுபவம். அவர்கள் நாட்டுக் குழந்தைகள் அம்மாவிடம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று.

விடை வேதியியலில் இருக்கிறது. ஆனால் இந்த நிலைமை ஏன் உண்டானது என்று தேடிப் போனால் அது ஒரு வரலாற்றுக் கதையாக விரிகிறது. அதில் சோப்பு இருக்கிறது, சிகாகோவின் விளம்பரக் கம்பெனி ஒன்று இருக்கிறது, கடைசியில் நம் ஊட்டியும் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புதினா குற்றவாளி இல்லை

கேட்டால் நிறைய பேர் "பேஸ்டில் இருக்கிற புதினா வாசனைதான் காரணம்" என்பார்கள். நியாயமான சந்தேகம்தான், ஆனால் தவறு.

புதினாவில் இருக்கும் மென்தால் செய்கிற வேலை வேறு. அது நாக்கின் சுவை மொட்டுகளை நாடிப் போவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தட்டி எழுப்புகிறது. அந்த நரம்புகளில் இருக்கும் டிஆர்பிஎம்8 என்ற புரதம் உண்மையான குளிரைப் பட்டாலும் திறக்கும், மென்தால் பட்டாலும் திறக்கும். டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூடியன் இருவரின் குழுக்களும் 2002-ல் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வழிகளைக் கண்டறிந்ததற்காக 2021-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் காரமும் இதே வகைதான். நாம் கார்ப்பை அறுசுவைகளில் ஒன்றாகக் கணக்கு வைத்திருக்கிறோம். நவீன அறிவியலோ அதைச் சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளின் கணக்கில் எழுதுகிறது.

ஆக, புதினா வாயைக் "குளிர" வைக்கும். ஆரஞ்சின் இனிப்பைத் திருடாது. திருடுவது நுரை. சரியாகச் சொன்னால் நுரையை உண்டாக்கும் பொருள். உங்கள் வீட்டு பேஸ்ட் டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள். பெரும்பாலும் "சோடியம் லாரில் சல்ஃபேட்" என்று இருக்கும். ஷாம்புவிலும் இருப்பது இதுதான். தேங்காய் எண்ணெய், பனை விதை எண்ணெய் ஆகியவற்றில் உள்ள லாரிக் அமிலத்திலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு தயாரிக்கிறார்கள்.

சரி, தலைக்குப் போடுகிற நுரை வாய்க்குள் எப்படி வந்தது?

சோப்பு தின்ற காலம்

பல் தேய்க்க நுரை தேவை என்று மனிதர்கள் மிக நீண்ட காலம் நினைக்கவே இல்லை. குச்சி, கரி, உப்பு, சாம்பல், செங்கல் தூள் என்று கையில் கிடைத்ததை வைத்துத் தேய்த்தார்கள். நம் ஊர் ஆலும் வேலும் தெரிந்த கதை. ஐரோப்பாவில் சுண்ணக் கட்டியையும் சிப்பி ஓட்டையும் பொடி செய்து பற்பொடி விற்றார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பொடியில் சோப்பைக் கலக்க ஆரம்பித்தார்கள். துணி சுத்தமாகிறது, கை சுத்தமாகிறது, பல்லும் ஆகட்டுமே என்ற எண்ணம். பொடி பிறகு பசையானது. கோல்கேட் கம்பெனி 1873-ல் ஜாடியில் அடைத்து விற்றது. 1896-ல் நசுக்கிப் பிதுக்கும் டியூப் வந்தது. பொடி, பசை, ஜாடி, டியூப் என்று வடிவம் மாறியதே தவிர உள்ளே நுரைத்தது சோப்புதான்.

சோப்பின் சுவை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளிக்கும்போது தவறி வாயில் பட்டாலே போதும். அந்தச் சுவையை அமுக்க ஏதாவது பலமாகப் போட வேண்டியிருந்தது. புதினா, இலவங்கம், விண்டர்கிரீன் போன்ற எண்ணெய்கள் அதற்குக் கை கொடுத்தன. கூடவே இனிப்பும் வேண்டுமே? சர்க்கரை போட்டால் பல் சொத்தையாகும். 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட சாக்கரின் பின்னாளில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்றைய பேஸ்டின் "புதினா இனிப்பு" என்பது அடிப்படையில் சோப்பை மறைக்கப் போட்ட மேக்கப். சோப்பு போன பிறகும் மேக்கப் மட்டும் கலையவில்லை.

ஒரே கம்பெனி விற்ற இரண்டு பொருள்கள்

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவில் லார்ட் அண்ட் தாமஸ் என்ற விளம்பர நிறுவனம் இருந்தது. தலைவர் ஆல்பர்ட் லாஸ்கர். கலிபோர்னியா ஆரஞ்சு விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு இவருடைய வாடிக்கையாளர். "சன்கிஸ்ட்" என்ற பெயரில் அவர்கள் விற்ற பழத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. விளைச்சல் எக்கச்சக்கம், தின்ன ஆளில்லை. ஒரு மனிதன் ஒரு வேளைக்கு ஒரு பழம், மிஞ்சினால் இரண்டு பழம் தின்பான். பிழிந்து குடிக்கச் சொன்னால்? ஒரு டம்ளருக்கு இரண்டு மூன்று பழம் போய்விடும். 1916-ல் "ஆரஞ்சைக் குடியுங்கள்" என்ற பிரச்சாரம் ஆரம்பமானது. பிழிவதற்குக் கண்ணாடிப் பிழிப்பானையும் மலிவாக விற்றார்கள். ஆரஞ்சு ஜூஸ் அமெரிக்கர்களின் காலை மேஜையில் ஏறியது இப்படித்தான்.

அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர் கிளாட் ஹாப்கின்ஸ். விளம்பரத் துறையில் இன்றும் பாடமாகப் படிக்கப்படும் பெயர். அதே 1910-களில் அவரிடம் வந்த பொருள் பெப்சோடென்ட் டூத்பேஸ்ட். பல் மருத்துவப் புத்தகங்களைப் புரட்டிய ஹாப்கின்ஸுக்குப் பல்லின் மேல் படியும் மெல்லிய படலம் பற்றிய தகவல் கிடைத்தது. எல்லார் பல்லிலும் எப்போதும் இருக்கிற ஒன்றுதான் அது. அதற்குப் "படலம்" என்று பெயர் வைத்து, நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள், படலம் தட்டுப்படும், அதுதான் உங்கள் அழகைக் கெடுக்கிறது என்ற தொனியில் விளம்பரம் எழுதினார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

2012-ல் வெளிவந்த சார்ல்ஸ் டூஹிக்கின் பழக்கங்கள் பற்றிய புத்தகம் இந்தக் கதைக்கு இன்னொரு கோணம் சேர்க்கிறது. பெப்சோடென்டில் சிட்ரிக் அமிலமும் புதினா எண்ணெயும் இருந்தன. தேய்த்தவர்களின் வாயில் குளுகுளுவென்று ஒரு சுருக் உணர்வு. அந்த உணர்வு பல்லைச் சுத்தம் செய்வதில்லை. ஆனால் "சுத்தமாகிவிட்டது" என்ற நினைப்பைத் தருகிறது. அது இல்லாத நாளில் வாய் அழுக்காக இருப்பதாகத் தோன்றும். பழக்கத்தை உறுதியாக்கியது அந்தச் சுருக்தான் என்கிறார் டூஹிக்.

ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரு பக்கம் காலையில் ஜூஸ் குடிக்கச் சொன்னார்கள், இன்னொரு பக்கம் பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். இரண்டும் ஒரே வாயில், ஒரே காலை நேரத்தில் சந்திக்கும் என்பதை அப்போது யாரும் யோசித்திருக்கத் தேவையில்லை. ஏனென்றால் அன்றைய பேஸ்டில் சோடியம் லாரில் சல்ஃபேட் இன்னும் வரவில்லை.

சோப்பு போய் டிடர்ஜென்ட் வந்தது

சோப்புக்கு இரண்டு பெரிய குறைகள். ஒன்று, உப்புத் தண்ணீரில் நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து போகும். போர்த் தண்ணீரில் துணி துவைத்தவர்களுக்கு இது தெரியும். இரண்டு, காரத்தன்மை. வாயில் எரிச்சலும் வழவழப்பும் தரும்.

1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கொழுப்பு ஆல்கஹாலிலிருந்து செய்த புதிய டிடர்ஜென்ட்கள் சந்தைக்கு வந்தன. உப்புத் தண்ணீரிலும் நுரைத்தன. அமெரிக்காவில் பிராக்டர் அண்ட் கேம்பிள் அந்த வகையில் 1933-ல் துணிக்கு "டிரெஃப்ட்" கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதே நிறுவனம் "டீல்" என்ற திரவப் பல் துலக்கியை இறக்கியது. சோப்பு இல்லை, தேய்க்கும் பொடியும் இல்லை, டிடர்ஜென்ட் நுரை மட்டும். ஆரம்பத்தில் நன்றாகத்தான் விற்றது. ஆனால் தொடர்ந்து பயன்படுத்தியவர்களின் பல் பழுப்பாக ஆரம்பித்தது. நுரையால் மட்டும் கறை போகாது, உரசுவதற்கு ஒரு பொடி வேண்டும் என்பது அப்போது புரிந்தது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பேஸ்டுகளிலிருந்து சோப்பு வெளியேறியது. உரசும் பொடியோடு டிடர்ஜென்ட் நுரை சேர்ந்தது. சோடியம் லாரில் சல்ஃபேட் முன்னணிக்கு வந்தது. 1950-களில் பல் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு வந்தபோதும் நுரை அப்படியே நின்றது. அமெரிக்காவில் 1956-ல் பரவலாக விற்பனைக்கு வந்த கிரெஸ்ட் பேஸ்டில் இருந்தது ஸ்டானஸ் ஃப்ளோரைடு, அதாவது வெள்ளீயத்தின் உப்பு. அது துவர்க்கும், உலோக வாடை அடிக்கும். அதை மறைக்க மறுபடியும் வாசனை, மறுபடியும் இனிப்பு.

அதே போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆரஞ்சுப் பக்கமும் ஒரு மாற்றம். ஃப்ளோரிடாவில் ஜூஸைச் சுண்ட வைத்து உறைய வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1946-ல் "மினிட் மெய்ட்" விற்பனைக்கு வந்தது. பிழிய வேண்டாம், டப்பாவைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் போதும். ஜூஸ் வீட்டுக்கு வீடு வந்தது.

ஆக, 1950-களின் அமெரிக்க வீட்டில் குளியலறையில் டிடர்ஜென்ட் நுரை, சமையலறையில் ஆரஞ்சு ஜூஸ். நடுவில் பத்தடி தூரம். மோதல் ஆரம்பமானது அங்கேதான். நம் தாத்தா பாட்டி காலத்து வேப்பங்குச்சிக்கும் ஆரஞ்சுக்கும் இந்தச் சண்டை கிடையாது.

ஆய்வுக்கூடத்தில் நாக்கு

சுவை ஆராய்ச்சியில் பெரிய பெயர் லின்டா பார்டோஷக். டிசிமோன், ஹெக் ஆகியோருடன் சேர்ந்து 1980-ல் அவர் ஒரு ஆய்வை வெளியிட்டார். பேஸ்டை விட்டுவிட்டு, சோடியம் லாரில் சல்ஃபேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அது நாக்கில் பட்ட பிறகு நான்கு அடிப்படைச் சுவைகள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள்.

முடிவு இது. சர்க்கரையின் இனிப்பு குறைந்தது. உப்பின் கரிப்பு குறைந்தது. க்வினைனின் கசப்பும் குறைந்தது. ஆனால் சிட்ரிக் அமிலம் மட்டும் வித்தியாசமாக நடந்துகொண்டது. அதன் புளிப்போடு புதிதாக ஒரு கசப்பு சேர்ந்தது.

இப்போது ஆரஞ்சு ஜூஸை நினைத்துப் பாருங்கள். அதில் இருப்பது முக்கியமாகச் சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்வதால்தான் ஜூஸ் ருசியாக இருக்கிறது. நுரை வந்து சர்க்கரைப் பக்கத்தைத் தூக்கிவிட்டு, அமிலப் பக்கத்தில் கசப்பையும் ஏற்றி வைக்கிறது. தராசு ஒரேயடியாகச் சாய்ந்துவிடுகிறது. புதினா ஒரு சொட்டுக்கூட இல்லாமல் நடந்த சோதனை இது. புதினா மேல் இருந்த வழக்கு இத்தோடு தள்ளுபடி!

சோடியம் லாரில் சல்ஃபேட் ஒரு பரப்பு வினைபொருள். அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை கொழுப்போடு சேரும். எண்ணெய்ப் பிசுக்கை அகற்ற உதவும் இதே குணம் நாக்கின் செல்களிலும் வேலை செய்கிறது. அந்தச் செல்களின் வெளிச்சவ்வு கொழுப்பால் ஆனது. சுவையை அறியும் ஏற்பிகள் அந்தச் சவ்வில்தான் பதிந்திருக்கின்றன. நுரைப்பொருள் அங்கே புகுந்து கொஞ்ச நேரம் ஏற்பிகளைக் குழப்பிவிடுகிறது. எச்சில் ஊறி அதைக் கழுவியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஊட்டியில் சாப்பிட்ட ஆரஞ்சு

அந்த 1980 ஆய்வில் சோடியம் லாரில் சல்ஃபேட்டை இன்னொரு பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதன் பெயர் ஜிம்னெமிக் அமிலம். அது கிடைக்கும் செடி நமக்கு நன்றாகத் தெரிந்த சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வோம். நாட்டு மருந்துக் கடையில் பொடியாகக் கிடைக்கும்.

அந்த அமிலத்தைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில் சென்னை மாகாண அரசின் க்வினைன் வேதியியலாளராக இருந்த ஆங்கிலேயர். நீலகிரியில் வளர்த்த சின்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியா மருந்து எடுப்பது அவர் துறை. எட்ஜ்வர்த் என்பவர் சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் தன் தேநீரில் போட்ட சர்க்கரை தெரியவில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதை ஹூப்பர் தானே சோதித்துப் பார்த்து 1887-ல் எழுதினார்.

இலையை மென்ற பிறகு இஞ்சி ரொட்டி சாப்பிட்டால் இஞ்சிக் காரம் மட்டும் தெரிந்தது, மீதி வெறும் மாவு. தன் தொழிலான க்வினைனை வாயில் போட்டால் சுண்ணக்கட்டி மாதிரி இருந்தது, கசப்பே இல்லை. அடுத்து ஒரு இனிப்பான ஆரஞ்சு. அதன் இனிப்பு அடங்கி, சிட்ரிக் அமிலம் மட்டும் மேலே வந்து, எலுமிச்சை தின்பது போல் புளித்தது என்று பதிவு செய்திருக்கிறார். இந்த விளைவு 24 மணி நேரம் நீடிக்கும் என்று அதுவரை சொல்லப்பட்டதையும் திருத்தி, ஒன்றிரண்டு மணி நேரம்தான் என்று எழுதினார்.

சோடியம் லாரில் சல்ஃபேட் பேஸ்டுக்குள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, கெட்டுப்போன ஆரஞ்சுச் சுவையை ஒருவர் நீலகிரியில் உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டார்!

இரண்டு பொருளுக்கும் என்ன உறவு? ஜிம்னெமிக் அமிலம் சபோனின் வகையைச் சேர்ந்தது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை வருவது சபோனினால்தான். அதாவது ஒன்று செடி செய்த நுரைப்பொருள், மற்றொன்று தொழிற்சாலை செய்த நுரைப்பொருள். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதாக நினைத்துவிடக் கூடாது. ஜிம்னெமிக் அமிலம் இனிப்பு ஏற்பியைக் குறிவைத்து அடைக்கிறது, நீண்ட நேரம் பிடித்து வைக்கிறது. சோடியம் லாரில் சல்ஃபேட் கண்மண் தெரியாமல் நான்கு பக்கமும் கை வைக்கிறது, சீக்கிரம் விட்டுவிடுகிறது.

நுரை அவசியம்தானா?

இத்தனைக்கும் பிறகு கேட்க வேண்டிய கேள்வி இது. பல்லைக் காப்பாற்றுவது எது? பிரஷ் படலத்தைத் தேய்த்து எடுக்கிறது. பொடி கறையை உரசுகிறது. ஃப்ளோரைடு எனாமலை வலுப்படுத்துகிறது. நுரை பேஸ்டை வாய் முழுக்கப் பரப்ப உதவும், அவ்வளவுதான். நுரையை மட்டும் நம்பிய "டீல்" என்ன ஆனது என்று மேலே பார்த்தோம்.

சிலருக்கு இது வெறும் சுவைப் பிரச்சினை மட்டும் இல்லை. அடிக்கடி வாய்ப்புண் வருபவர்களுக்குச் சோடியம் லாரில் சல்ஃபேட் அதைத் தூண்டலாம் என்று நார்வேயில் 1990-களில் ஆய்வுகள் வந்தன. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆனாலும் வாய்ப்புண்ணோடு அவதிப்படுபவர்கள் அது இல்லாத பேஸ்டை முயன்று பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட பேஸ்டுகள் கடையில் கிடைக்கின்றன. வாங்கும்போது ஃப்ளோரைடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நுரையை விடலாம், ஃப்ளோரைடை விடக் கூடாது.

ஆனால் நுரை இல்லாத பேஸ்டை உபயோகித்தால் முதல் சில நாள் "தேய்த்த மாதிரியே இல்லையே" என்று தோன்றும். வேப்பங்குச்சி மென்றவர்களுக்குச் சுத்தம் என்பது கசப்பு. பற்பொடிக்காரர்களுக்கு அது இலவங்கக் காரமும் உப்பும். நமக்கு நுரையும் குளிர்ச்சியும். ஒவ்வொரு தலைமுறையின் நாக்குக்கும் சுத்தத்தின் சுவை எது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தது டிவி. உப்பும் கரியும் வேண்டாம் என்று பேஸ்டுக்கு மாற்றிவிட்டு, பிறகு அதே டிவியில் "உங்க டூத்பேஸ்ட்ல உப்பு இருக்கா?" என்று கேட்டதும் நடந்ததுதானே.

எனவே நாளைக் காலையில் ஜூஸ் கசந்தால் பழத்தைத் திட்டாதீர்கள், பழக்காரரையும் திட்டாதீர்கள். முதலில் ஜூஸைக் குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பல் தேய்த்தால் போதும். அமிலம் பட்ட உடனே தேய்ப்பது எனாமலுக்கு நல்லதில்லை என்பதால்தான் அந்த அரை மணி நேரம். இல்லையென்றால் நம் ஊர் வழக்கப்படி காபியே குடித்துவிடுங்கள். ஆனால் சர்க்கரை குறைவு என்று அம்மாவிடம் சண்டைக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு வாய் குடித்துப் பாருங்கள்!